மரைக்குள் புகுந்த பவுடர்

உராய்வால் பிறக்கும் மின்சாரம் என்ன செய்யும் என்று விஸ்வநத்தத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளில் மருந்து அறைக்குப் போகிறவர் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். தீப்பெட்டியும் பட்டாசும் இந்த வட்டாரத்தில் நிலைத்ததற்கு வறண்ட காற்று ஒரு பெரிய காரணம். அதே வறட்சி நிலைமின்சாரத்தையும் உடம்பில் நெடுநேரம் தங்க வைக்கிறது.

ஆலைகள் இப்படி அஞ்சி விரட்டும் அந்த மின்சாரத்தை வேண்டுமென்றே உண்டாக்கி, அதைக்கொண்டே இரும்புக்கு நிறம் ஏற்றுவதுதான் பவுடர் கோட்டிங். பீரோ, கட்டில், ஜன்னல் கிரில் என்று ஊருக்கு ஊர் பரவிய இந்தத் தொழிலுக்கு இப்போது மோட்டார் சைக்கிள் சேசிஸ்களும் வருகின்றன. குறிப்பாகக் காட்டுப் பாதையில் ஓடும் வண்டிகள். 2019-ல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற வண்டிகள், தரைக்கு மேலே 220 மி.மீ. இடைவெளியோடு, வற்றிய கண்மாய்க்குள்ளும் கரிசல் வண்டிப்பாதையிலும் இறங்க நம் பையன்களுக்குத் தைரியம் கொடுத்துவிட்டன. (மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 2021 முதல் புலிகள் காப்பகம். அதற்குள் வண்டியோடு போக ஆசைப்படவே கூடாது.) கரிசல் மண் ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும். சேசிஸின் அடிக்குழாயிலும் பற்றவைத்த மூலைகளிலும் அப்பிய மண் வெளியே காய்ந்து, உள்ளே நாள்கணக்கில் நசநசவென்று கிடக்கும். கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் அந்த ஈரம் துருவைத் தொடங்கி வைக்கும். எனவே வண்டியைப் பிரித்து, சேசிஸைச் சுரண்டி, பவுடர் கோட்டிங்குக்குக் கொடுப்பது நியாயமான முடிவுதான்.

சிக்கல் சேசிஸ் திரும்பி வந்த பிறகு தொடங்குகிறது. பளபளவென்று புதிதுபோல வந்து நிற்கும். கழற்றி வைத்த போல்ட்டை எடுத்து அதே ஓட்டையில் வைத்தால் உள்ளே போகாது. எப்படியோ போனாலும், அது பிடிக்க வேண்டியதைப் பிடித்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இரண்டாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் பவுடர் எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்போம். 1950-களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர், சூடான உலோகத்தைக் காற்றில் மிதக்கும் பிளாஸ்டிக் தூளுக்குள் முக்கியெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1960-களில் மின்விசைத் துப்பாக்கி வந்து அந்த முறையை ஓரங்கட்டியது. இன்றைய துப்பாக்கியின் முனையில் 60,000 முதல் 1,00,000 வோல்ட் வரை இருக்கும். மின்னோட்டமோ மைக்ரோ ஆம்பியர் அளவுதான். முனையைத் தாண்டிப் பறக்கும் ஒவ்வொரு துகளும் மின்னேற்றம் பெறுகிறது. கொக்கியில் தொங்கும் சேசிஸ் எர்த் செய்யப்பட்டிருப்பதால் துகள்கள் அதைத் தேடிப் போய் ஒட்டுகின்றன. குழாயின் முன்பக்கம் அடித்தால் பின்பக்கமும் சுற்றிப் போய்ப் படிவது இதனால்தான். இன்னொரு வகைத் துப்பாக்கியில் உயர் மின்னழுத்தமே கிடையாது. டெஃப்லான் குழாய்க்குள் தூள் உராய்ந்து போகும்போதே மின்னேற்றம் பெற்றுவிடும். பட்டாசு ஆலை எதற்கு அஞ்சுகிறதோ, அதே உராய்வு.

தூள் படிந்த சேசிஸ் ஓவனுக்குள் போகிறது. உலோகமே 180 முதல் 200 டிகிரி வரை சூடேறி, அந்தச் சூட்டில் 10, 15 நிமிடம் நிற்க வேண்டும். தூள் உருகி ஓடிப் பரவும். பிறகு அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து இறுகிவிடும். இந்தப் பிணைப்பு ஒருவழிப் பாதை. ஒருமுறை இறுகிய பூச்சு மறுபடி உருகாது, தின்னரில் எளிதில் கரையாது. கல்லடியையும் சேற்றையும் அது தாங்குவதன் ரகசியம் இதுதான். மரைக்குள் போய்விட்டால் நமக்குத் தலைவலி தருவதும் இதே குணம்தான்.

பூச்சின் கனம் வழக்கமாக 60 முதல் 80 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பூச்சின் கனம் நம் தலைமுடி ஒன்றின் பருமன் என்று வைத்துக்கொள்ளலாம். 70 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்புலத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கூர்மையான விளிம்புகளில் அது செறியும். குழிவான இடத்துக்குள் நுழைய மறுக்கும். 19-ஆம் நூற்றாண்டில் மைக்கேல் ஃபாரடே கூண்டு கட்டிக் காட்டியது இதைத்தான். போல்ட் ஓட்டை என்பது ஒரு சிறு ஃபாரடே கூண்டு. எனவே தூள் அதன் அடிவரை போவதில்லை. ஓட்டையின் வாயிலும் முதல் இரண்டு மூன்று மரைகளிலும்தான் திரண்டு நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே மரை வெள்ளையாக மின்னும். ‘சுத்தமாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும். இதனால் வரும் காட்சியை எந்த மெக்கானிக் கடையிலும் பார்க்கலாம். ஃபுட்பெக் பிராக்கெட்டுக்கு எட்டு மி.மீ. போல்ட்டை வைத்து விரலால் திருகுகிறான் பையன். ஒன்றரைச் சுற்றில் நின்றுவிடுகிறது.

“அண்ணே, ரெண்டு சுத்து கூட போகல. ஸ்பேனர் போட்டு இழுத்துரவா?”

“வேண்டாம்டா தம்பி, மரை போயிரும். போல்ட்ட வெளிய எடு மொதல்ல.”

அண்ணன் சொல்வது அனுபவம். அதற்குள் ஒரு கணக்கும் இருக்கிறது. எம்-8 போல்ட்டுக்கும் அதன் மரைக்கும் நடுவே, உலகத் தர அளவுப்படி, மரையின் நடுவிட்டத்தில் விடப்படும் இடைவெளி குறைந்தது 28 மைக்ரான். மிகத் தாராளமாகச் செய்தாலும் ஏறக்குறைய 300 மைக்ரான். 70 மைக்ரான் பூச்சு அதில் 70 மைக்ரானைத்தான் தின்னும் என்று நினைப்போம். அங்கேதான் ஏமாறுகிறோம். மரையின் பக்கங்கள் 60 டிகிரி கோணத்தில் சரிந்திருக்கின்றன. சரிவின் மேல் படிந்த பூச்சு, விட்டத்தின் திசையில் இரண்டு மடங்காக அளக்கும். ஓட்டையின் இரு பக்கமும் சேர்த்தால் நான்கு மடங்கு. அதாவது 70 மைக்ரான் பவுடர், மரையின் நடுவிட்டத்தை 280 மைக்ரான் சுருக்கிவிடுகிறது. இருந்த இடைவெளி போதவில்லை, போல்ட் நிற்கிறது. ஸ்பேனரால் இழுத்தால், மரை அலுமினியத்தில் வெட்டியதாக இருந்தால் உரியும். இரும்பாக இருந்தால் பூச்சு சுருண்டு மரைக்கு நடுவே ஆப்பாகச் செருகிக்கொள்ளும்.

இதைச் சுத்தம் செய்யப் பலர் எடுக்கும் முதல் ஆயுதம் கேஸ் டார்ச். பூச்சு உருகாது, கருகும். கருகிய கரி மரையில் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், சுற்றியுள்ள புதுப் பூச்சும் மஞ்சளித்துக் கொப்பளிக்கும். கருவியால் எடுப்பதே நல்ல வழி. அதிலும் மரை வெட்டும் டேப்பை எடுத்து ஓட்டும் முன் ஒரு நொடி யோசிக்க வேண்டும். டேப் வெட்டுவதற்கென்றே செய்த கருவி. பூச்சையும் வெட்டும், கொஞ்சம் கோணலாக இறங்கினால் அதே உற்சாகத்தோடு இரும்பையும் வெட்டும். ஏற்கெனவே பல தடவை கழற்றி மாட்டிய மரையில் அப்படி ஒரு சீவல் போனாலே பிடிப்பு தளர்ந்துவிடும். மரையைத் துப்புரவு செய்ய மட்டும் தனிக் கருவி உண்டு. அதன் பற்கள் வெட்டாது, வழித்தெடுக்கும். அது கிடைக்காவிட்டால் நம் பட்டறைகளில் காலங்காலமாகச் செய்வதே போதும். அதே அளவில் நல்ல உறுதியான பழைய போல்ட் ஒன்றை எடுத்து, நுனியைக் கொஞ்சம் சரிவாக ராவி, ஹேக்ஸா பிளேடால் மரையின் நீளவாக்கில் மூன்று நான்கு பள்ளம் அறுத்துக்கொள்ள வேண்டும். பெயர்ந்த பவுடர் சேர்வதற்கு அந்தப் பள்ளங்கள் இடம் கொடுக்கும்.

அதை ஓட்டும் முன், ஓட்டையின் வாயில் வளையமாகத் திரண்ட பூச்சைக் கையாலேயே பெரிய டிரில் பிட் ஒன்றைத் திருகி எடுத்துவிட வேண்டும். மெஷினில் மாட்டி வேண்டாம். இந்த வளையம் இருந்தால் கருவி இறங்கும்போது அதைப் பிடித்திழுக்கும்; வெளியே தெரியும் பூச்சும் சில்லாகப் பெயர்ந்து வரும். பிறகு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. கை சொல்லும். பூச்சு பெயரும்போது மெல்லிய நறநறப்பு இருக்கும். திடீரென்று இறுகினால் கோணல் போகிறது என்று பொருள். உடனே வெளியே எடுக்க வேண்டும். வேலை முடிந்ததற்கு ஒரே சாட்சி, சுத்தமான போல்ட் வெறும் விரலாலேயே கடைசி மரைவரை இறங்குவது. இதில் சமரசம் கூடாது.

ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரத்தைப் பார்க்காமல் கருவியை எடுப்பவர்கள் வண்டியைக் கெடுப்பதை நிறையப் பார்க்கலாம். 10 மி.மீ. போல்ட்டில் நம் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 1.25 மரை. ஹார்டுவேர் கடையில் ‘10 எம்எம் டேப்’ என்று கேட்டால் வழக்கமாகக் கைக்கு வருவது 1.5 மரை. இரண்டும் முதல் சுற்று அழகாக இறங்கும். இரண்டாம் சுற்றில் பழைய மரை செத்துவிடும். பழைய புல்லட் என்றால் கதையே வேறு. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு தொழிற்சாலை தொடங்கியபோது இங்கிலாந்தின் அங்குல மரைகளும் கூடவே வந்தன. ஜோசப் விட்வொர்த் 1841-ல் வகுத்த மரையின் கோணமே 55 டிகிரி. மெட்ரிக் மரைக்கு 60. ஒன்றின் கருவியை மற்றொன்றில் ஓட்டக் கூடாது. மரை கேஜ் ஒன்று வாங்கி வைத்தால் இந்தச் சந்தேகமே வராது.

அடி மூடிய ஓட்டைகளில் இன்னும் கவனம் வேண்டும். பெயர்ந்த தூளும் எண்ணெயும் அடியில் தங்கிவிட்டால் போல்ட் அதன்மேல் போய் முட்டும். டார்க் ரென்ச் ‘டக்’ என்று சொல்லும். நாமும் இறுகிவிட்டது என்று நம்புவோம். உண்மையில் போல்ட் தலை எதையும் அழுத்தியிருக்காது. கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடித்து வெளியேற்ற வேண்டும். பவுடருக்கு முன்னால் நடந்த மணலடிப்பின் மிச்சமும் உள்ளே இருக்கும். சேசிஸ் குழாய்கள் பல இடங்களில் திறந்தவை. ஒரு பக்கம் சாய்த்தால் கைப்பிடி அளவு துகள் கொட்டுவது சாதாரணம். மணலடிப்புக்குப் பயன்படும் கார்னெட் துகள் குவார்ட்ஸ் மணலுக்குச் சற்றும் குறையாத கடினம் கொண்டது. அதில் ஒன்று ஸ்டியரிங் கோன் செட்டின் கிரீஸில் கலந்தால், புதுப் பால் ரேசரையே சில நாளில் அரைத்துவிடும். சேசிஸைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பித் தட்டி, காற்றடித்து, தண்ணீரால் அலசி உலர்த்தாமல் எந்த பேரிங்கையும் மாட்டக் கூடாது. மணலடிக்கிறவர் சாதாரண ஆற்று மணலைப் பயன்படுத்தினால், அது அவருடைய நுரையீரலுக்குள் சிலிகாத் தூளாகப் போகிறது. சிலிகோசிஸ் குணமாகாத நோய். வேலை கொடுக்கும்போதே எந்தத் துகளால் அடிக்கிறீர்கள் என்று கேட்பது வாடிக்கையாளரின் கடமை என்றே நினைக்கிறேன்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. போல்ட் கடைசிவரை இறங்கிவிட்டது, ரென்ச்சும் சொல்லிவிட்டது. பிடிப்பு நிற்குமா?

போல்ட் ஒரு ஸ்பிரிங். நாம் இறுக்கும்போது அது நீள்கிறது. நீண்டதைச் சுருக்கிக்கொள்ளத் துடிக்கும் அந்த இழுவைதான் இரண்டு துண்டுகளையும் அழுத்திப் பிடிக்கிறது. 8.8 தரத்து எம்-8 போல்ட்டை 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், அதற்குள் பிறக்கும் இழுவை ஏறக்குறைய 1,600 கிலோ எடைக்குச் சமம். நாம் கையால் கொடுத்த திருகலில் பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுவைக்குப் போகிறது. மீதியைத் தலைக்கு அடியிலும் மரையிலும் உள்ள உராய்வு தின்றுவிடுகிறது. அவ்வளவு இழுத்தும் போல்ட் எவ்வளவு நீளும்? பிடிக்கும் கனம் 30 மி.மீ. என்றால், 60 மைக்ரானுக்குச் சற்று மேல். அவ்வளவுதான்.

பவுடர் பூச்சின் கனம் 70 மைக்ரான். போல்ட்டின் மொத்த நீட்சியும் அதன் தலைக்கு அடியில் இருக்கும் பூச்சும் ஒரே அளவு! இந்த ஒரு ஒப்பீடு புரிந்துவிட்டால் பவுடர் கோட்டிங்குக்குப் பிறகு எங்கே சுரண்ட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வாஷர் இல்லாமல் அறுகோணத் தலை நேராக உட்கார்ந்தால், அதன் அடியில் ஒவ்வொரு சதுர மி.மீ. பரப்பின் மீதும் 350 நியூட்டனுக்கு மேல் அழுத்தம். பூச்சில் உள்ள பாலியெஸ்டர் பிசின் தாங்கக்கூடியது அதில் ஒரு சிறு பங்கு. எனவே பூச்சு மெல்ல மெல்லப் பிதுங்கும். இஞ்சின் சூடு பட்டால் இன்னும் வேகமாக. 20 மைக்ரான் பிதுங்கினாலே போல்ட்டின் இழுவையில் கால் பங்குக்கு மேல் காணாமல் போகும். தலைக்கு அடியில் பிராக்கெட்டின் மேல்பக்கம் ஒரு படலம், அதன் மறுபக்கம் ஒன்று, சேசிஸ் மீது ஒன்று என்று மூன்று படலம் சேர்ந்தால், இரண்டு மூன்று சவாரியில் போல்ட் வெறும் ஆணியாகிவிடும். யாரும் திருகி எடுக்காமலே பிடிப்பு போய்விட்டது.

அதற்கு மேல் அதிர்வு சேர்கிறது. 1969-ல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் ஒரு சோதனையில் காட்டினார்: போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்குவாக்கில் வரும் அசைவுதான் அதைக் கழற்றிவிடுகிறது. இழுவை போதுமானதாக இருக்கும்வரை இரண்டு துண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காது. இழுவை குறைந்து அவை வழுக்கத் தொடங்கினால் போல்ட் தானாகச் சுழன்று வெளியே வந்துவிடும். கரிசல் பாதையில் குதித்துப் போகும் வண்டியின் இஞ்சின் மவுன்டிங்குக்கும் ஃபுட்பெக்குக்கும் இந்தக் குறுக்கசைவு ஒவ்வொரு பள்ளத்திலும் கிடைக்கும்.

ஆகவே இஞ்சின் மவுன்டிங்கின் முகங்கள், ஸ்விங் ஆர்ம் போல்ட் உட்காரும் இடம், பிரேக் சம்பந்தப்பட்ட எந்தப் பிராக்கெட்டானாலும் இரும்பு இரும்போடு சேரும் இடத்தில் பூச்சு இருக்கக் கூடாது. மறைவான முகத்தில் மெல்லிய கிரீஸ் தடவினால் துருவுக்குப் போதும். பெட்ரோல் டேங்க், சீட், பக்கத் தகடு போன்ற சுமையில்லாத இடங்களில் பூச்சு இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதில் பாதி வேலையைப் பவுடர் அடிக்கும் முன்னாலேயே முடித்துவிடலாம். மரைகளுக்குச் சிலிக்கான் அடைப்பான், முகங்களுக்குச் சூடு தாங்கும் பச்சை ஒட்டு டேப். இரண்டும் விலை குறைவு. பழைய போல்ட்டைத் திருகி விடுவதும் நல்ல வழிதான். ஆனால் ஓவனிலிருந்து வந்ததும் தலையைச் சுற்றிக் கத்தியால் பூச்சைக் கீறிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். ஸ்டியரிங் கழுத்தில் பால் ரேசர் உட்காரும் குழிகளை மறக்கவே கூடாது. அங்கே ரேஸின் பிடிப்பு மைக்ரான் கணக்கில் செய்தது. இருபுறமும் 70 மைக்ரான் படிந்தால் குழியின் விட்டம் 140 மைக்ரான் சுருங்கும். அடித்து இறக்கினால் பூச்சு சுருண்டு ரேஸுக்கு அடியில் மாட்டி, ரேஸ் ஒரு பக்கம் தூக்கி உட்காரும். ஹேண்டில் ஒரு பக்கம் கனக்கும். சேசிஸ் எண் பொறித்த இடத்தையும் ஒட்டு டேப்பால் மூட வேண்டும். கனத்த பூச்சு அந்த எழுத்துகளை நிரப்பிவிட்டால், வண்டியைச் சோதிக்கிறவரால் எண்ணைப் படிக்க முடியாது.

பழைய பூச்சை உரிக்க அமிலத் தொட்டியில் போடும் இடங்களில், 10.9 அல்லது 12.9 என்று தலையில் பொறித்த உறுதியான போல்ட்டுகளைச் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. அமிலத்திலிருந்து பிறக்கும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். இறுக்கி மாட்டி ஓரிரு நாள் கழித்து, ஓடாமல் நிற்கும்போதே தலை தெறிக்கும். அலுமினிய ஸ்விங் ஆர்ம் உள்ள வண்டி என்றால் ஓவன் சூட்டைப் பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருமுறை 200 டிகிரி தாங்கும். நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்ப ஓவனுக்கு அனுப்பினால் அலுமினியத்தின் உறுதி படிப்படியாக இறங்கும்.

எர்த்துக்கு வருவோம். பவுடர் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. துகள்கள் ஓவன்வரை விழாமல் ஒட்டியிருந்ததே அவற்றின் மின்னேற்றம் சட்டென்று வடிந்துவிடாததால்தான். அதே குணம், வண்டி முழுதாக மாட்டியபின் செல்ஃப் அடிக்கும்போது குறுக்கே நிற்கிறது. பேட்டரியின் நெகடிவ் ஒயர் சேசிஸில் திருகும் இடத்தில் பூச்சு இருந்தால் மின்சாரம் திரும்பும் வழி நெருக்கடியாகும். செல்ஃப் மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கிறது, அந்த இணைப்பில் 0.05 ஓம் மட்டும் தடை என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் இரண்டரை வோல்ட் அங்கேயே தொலைகிறது. பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்குவார்கள். வண்டி அப்போதும் முனகும். அந்த ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தை எமரித் தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசினால் போதும்.

மாட்டும் வரிசையில் ஒரு விஷயத்தை மட்டும் வற்புறுத்துவேன். இஞ்சினை ஏற்றும்போது எல்லா மவுன்டிங் போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் போட வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் ஓட்டைகள் நேராக வராது. கம்பி போட்டு நெம்ப வேண்டியிருக்கும். அந்த நெம்பலே புதுப் பூச்சைப் பெயர்க்கும். எல்லாம் இறங்கிய பிறகு, கம்பெனி மேனுவலில் உள்ள எண்ணுக்கு, மேனுவல் சொல்லும் வரிசையில் இறுக்கலாம். அந்த எண் உலர்ந்த மரைக்கா, எண்ணெயிட்ட மரைக்கா என்றும் பார்க்க வேண்டும். உலர்ந்த மரைக்குச் சொன்ன எண்ணை வைத்துக்கொண்டு எண்ணெய் விட்டு இறுக்கினால், உராய்வு குறைந்ததால் போல்ட்டின் இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சுத்தம் செய்ய விட்ட எண்ணெயைத் துடைக்காமல் மாட்டுவதன் விளைவு இது.

போல்ட் கழலாமல் பிடிக்க மரையில் விடும் லாக்டைட்டுக்கும் சுத்தமான மரை வேண்டும். 1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கிய அந்தத் திரவம், காற்று இல்லாத இடத்தில், இரும்பு அல்லது செம்பின் அயனிகள் தூண்டினால்தான் இறுகும். பவுடர் படிந்த மரையில் தொடும் உலோகமே குறைவு. வெளியே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே பசை பசையாகவே இருக்கும்.

இவ்வளவு தெரிந்தபின் சிலருக்கு நாமே அடித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். சிறிய துப்பாக்கிகள் இணையத்தில் கிடைக்கின்றன, பழைய ஓவனும் கிடைக்கும். இந்த வட்டாரத்தில் அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பவுடர் என்பது எரியும் பிளாஸ்டிக் தூள். ஒரு கன மீட்டர் காற்றில் சில பத்து கிராம் மிதந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும் மேகமாகிவிடும். 10,000 வோல்ட் ஏறிய மனித உடம்பிலிருந்து தாவும் பொறியில் ஏறக்குறைய 7 மில்லி ஜூல் ஆற்றல் உண்டு. சில பவுடர்கள் பற்ற அதுவே போதும். முறையான பூத்தில் காற்றை இழுக்கும் விசிறி, மேகத்தை வெடிக்கும் அளவுக்குக் கீழேயே வைத்திருக்கும். அடிப்பவரும் சேசிஸும் எர்த்தில் இருப்பார்கள். வீட்டு மாடியிலோ அட்டைப்பெட்டி அடுக்கிய குடோனிலோ இதில் எதுவும் இருக்காது. பக்கத்து வீட்டில் என்ன சரக்கு இருக்கிறது என்பது விஸ்வநத்தத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலையை நல்ல பூத் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். மரையைச் சுத்தம் செய்வதை மட்டும் நீங்களே செய்யுங்கள்; அதில் அவசரம் கூடாது, அந்தப் பொறுமை வண்டிக்காரருக்குத்தான் இருக்கும்.

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு முக்கியமான போல்ட்டின் தலையிலிருந்து சேசிஸ்வரை வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடலாம். போல்ட் சுழன்றால் கோடு முறியும்; பார்த்தவுடன் தெரியும். பூச்சு பிதுங்கியதால் வந்த தளர்ச்சியை மட்டும் கோடு காட்டாது, ஏனென்றால் அப்போது போல்ட் சுழல்வதேயில்லை. அதனால் முதல் காட்டுச் சவாரி முடிந்து இஞ்சின் ஆறிய பிறகும், பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகும், இஞ்சின் மவுன்டிங், ஸ்விங் ஆர்ம், ஃபுட்பெக், பிரேக் பிராக்கெட் இவற்றில் டார்க் ரென்ச்சை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். லாக்டைட் போட்ட போல்ட்டை மட்டும் அப்படிச் சோதிக்கக் கூடாது. இறுகிய பசை உடைந்துவிடும். மற்ற எதிலாவது ரென்ச் சொல்லும் முன் போல்ட் சற்று நகர்ந்தாலும், அதைக் கழற்றி, தலைக்கு அடியில் எஞ்சியிருக்கும் பூச்சைச் சுரண்டி, மறுபடி மாட்ட வேண்டும்.